முருகவேலின் எண்ணில் ஓடியவர்

எங்கள் ஓட்டக்குழுவில் பிப் மாற்றிக்கொள்வது குற்றம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. பிப் என்றால் ஓடுகிறவன் நெஞ்சில் நாலு ஊக்குப் போட்டுக் குத்திக்கொள்ளும் நம்பர்த் தாள். பெயர் கொடுத்தவனுக்குக் கால் பிசகிவிட்டால் பெயர் கொடுக்காதவன் அதைக் குத்திக்கொண்டு ஓடுவான். கல்யாணப் பத்திரிகை அண்ணன் பேருக்கு வந்தால் தம்பி போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவதில்லையா, அந்த மாதிரிதான். நானே ஒரு வருஷம் ஆர்த்தி என்ற பெயரில் ஓடப்போய், பெண்கள் பிரிவில் எனக்கு மூன்றாம் இடம் என்று மைக்கில் அறிவித்துவிட்டார்கள். அதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்தத் தாளுக்குப் பின்பக்கம் ஒன்று உண்டு. ரத்த வகை என்ன, நோய் ஏதாவது இருக்கிறதா, அவசரம் என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று மூன்று வரி அச்சடித்திருக்கும். யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. நாங்களும் பார்த்ததில்லை.

கீழ்பென்னாத்தூரிலிருந்து எங்கள் குழுவுக்கு வருகிறவர்கள் இரண்டு பேர். முருகவேல் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை எடை போடுகிறவர். நாற்பத்து மூன்று வயது. குமரேசன் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர், முருகவேலைவிட நாலு வயது மூத்தவர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். விடியற்காலை ஒரே வண்டியில் வந்து, அண்ணாமலையைச் சுற்றி ஓடிவிட்டு, ஒரே வண்டியில் வேலைக்குத் திரும்புவார்கள்.

குமரேசனின் ஓட்டத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அவர் மகள் பூஜா கைக்குழந்தையாக இழுப்பு வந்து கிடந்தபோது, வருஷத்துக்கு ஒரு தரம் என்று பத்து வருஷம் மலையை ஓடியே சுற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டார். எல்லோரும் நடந்து சுற்றுவதாக வேண்டிக்கொள்வார்கள். இவருக்கு எதிலும் ஒரு படி ஜாஸ்திதான். எங்கள் குழு தை மாதத்தில் நடத்தும் இருபத்தொரு கிலோமீட்டர் பந்தயத்தில் ஒன்பது வருஷம் விடாமல் ஓடிவிட்டார். பத்தாவதுதான் பாக்கி.

அதற்குள் வயிறு கெட்டுப்போனது. முழங்கால் வலிக்கு வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிற கெட்ட பழக்கம் எங்களில் பாதிப் பேருக்கு உண்டு. குமரேசனுக்கு அது குடலில் புண்ணாகி, மார்கழியில் ஒரு நாள் வாஷ்பேசின் நிறைய ரத்தமாக வாந்தி எடுத்தார். வேலூரில் ஐந்து நாள் படுக்கை. மூன்று மாதம் ஓட்டத்தை மறந்துவிடு என்று சொல்லி அனுப்பினார்கள். அவர் மனைவி மதிவதனி அவருடைய ஓட்டச் சட்டைகளை எல்லாம் மூட்டையாகக் கட்டிப் பரணில் போட்டுவிட்டாள். உனக்குப் பதிலாக நான் நடந்து சுற்றுகிறேன், சாமி ஒத்துக்கொள்ளும் என்றாள்.

இந்த வருஷம் குழுவிலும் புதுச் சட்டம் போட்டோம். நாற்பத்தைந்து தாண்டியவர்கள் டாக்டர் சான்றிதழ் கொண்டுவர வேண்டும். குமரேசனுக்கு எந்த டாக்டர் கொடுப்பார்? முருகவேலுக்கோ சான்றிதழ் தேவையில்லாத வயது. ஆனால் பந்தயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது கெண்டைச்சதை பிடித்துக்கொண்டது.

"உன் நம்பரு சும்மாதானே கெடக்குது, குடு" என்றார் குமரேசன்.

"உன் பேரு ரெக்கார்டுல வராதே ண்ணா."

"ரெக்கார்டு யாருக்கு வோணும்? மலைக்குத் தெரியும்."

முருகவேல் கொடுத்துவிட்டார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். மனைவி சந்திரகலாவிடம் தான் ஓடப்போவதாகவே சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவளுக்குத் தெரிந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் மதிவதனிக்கும் தெரிந்த மாதிரிதான். குமரேசன் அவலூர்பேட்டையில் ஒரு கிணற்று மோட்டார் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். ஓடுகிறவன் போனை எடுக்க மாட்டான் அல்லவா, அதனால் முருகவேல் தன் போனைச் சத்தமில்லாமல் வைத்து வண்டி சீட்டுக்கு அடியில் பூட்டிவிட்டு, அடி அண்ணாமலைப் பக்கம் தண்ணீர்ப் பந்தலில் தம்ளர் நிரப்பப் போய்விட்டார். பொய் சொல்வதிலும் இத்தனை ஒழுங்கு.

காலை ஐந்தரைக்குப் புறப்படும் இடத்தில் நான் குமரேசனைப் பார்த்தேன். நெஞ்சில் 417. கீழே முருகவேல் என்று கொட்டை எழுத்தில் பெயர். "என்னங்க முருகவேல், ஒரே வாரத்துல வயசாயிட்டுதா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வயிற்றுப்புண் விஷயம் அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தடுத்திருப்பேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

ஏழேகாலுக்கு, பதினாறாவது கிலோமீட்டரில், அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்தார். பிறகு சாய்ந்துவிட்டார். அங்கே உதவிக்கு நின்றவர்கள் வெளியூர்க் கல்லூரிப் பிள்ளைகள். குமரேசனையும் தெரியாது, முருகவேலையும் தெரியாது. ஆனால் சொல்லிக்கொடுத்ததைச் செய்தார்கள். ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். பிப்பைத் திருப்பிப் பார்த்தார்கள்.

கீழ்பென்னாத்தூரில் அப்போது இரண்டு பெண்களும் சந்திரகலா வீட்டு வாசலில் சாக்கை விரித்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பேர். விதைக்கு வேண்டியதை மெஷினில் போட்டால் பருப்பு உடையும், தோல் உரியும், முளைக்காது. கையால்தான் உரிக்க வேண்டும். பனி இன்னும் விலகவில்லை. இரண்டு பேரும் தலையில் துண்டு கட்டியிருந்தார்கள். நடுவில் ஒரு தட்டில் இட்லியும் மல்லாட்டைச் சட்னியும் ஆறிக்கொண்டிருந்தன.

"உங்க வூட்டுக்காரரு இந்நேரம் எங்க ஓடிக்கினு இருப்பாரு?" என்று மதிவதனி கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்? வரும்போது ஒரு தகரத்த கழுத்துல மாட்டிக்கினு வருவாரு. ஆணி அடிக்க செவுரு இல்ல எங்க வூட்ல."

"எங்க வூட்டுது இந்த வருசம் மோட்டாரோட போச்சு. நல்லவேள, சொன்ன பேச்சக் கேட்டுது."

அப்போதுதான் போன் வந்தது. பேசியது ஒரு பெண் பிள்ளை, மூச்சு வாங்கிக்கொண்டு. "நானூத்திப் பதினேழு முருகவேல் வீடுங்களா? அவர் ஓடும்போது மயங்கிட்டாருங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறாங்க. யாராச்சும் உடனே வாங்க."

சந்திரகலா எழுந்தாள். மடியில் இருந்த பருப்பெல்லாம் வாசலில் கொட்டியது. "அக்கா, அவுருக்கு என்னமோ ஆயிட்டுதாம்" என்றாள். அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது. முருகவேல் போனுக்குப் போட்டாள். மணி அடித்தது, அடித்தது, நின்றது. மறுபடி போட்டாள். மதிவதனிதான் ஓடிப்போய் ஆட்டோக்காரர் வேணுவை எழுப்பினாள். அவள்தான் வீட்டைப் பூட்டினாள். அவள்தான் சந்திரகலாவின் தலைத்துண்டை அவிழ்த்து, செருப்பை எடுத்துக் காலடியில் போட்டாள்.

செஞ்சி ரோட்டில் ஆட்டோ போன வேகத்துக்கு இரண்டு பக்கமும் வயல் தெரியவில்லை என்று வேணு சொல்வார். பனிமூட்டத்தில் எதிரே வருகிற பஸ்ஸின் விளக்கு மட்டும் தெரிந்ததாம். மதிவதனி சந்திரகலாவின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"ஒண்ணும் ஆவாது கலா. வெறும் மயக்கம். காலையில ஒண்ணும் சாப்பிடாம போயிருப்பாரு."

"காபி கூட வேணாம்னுட்டாருக்கா."

"தோ பாரு, அதான். குளுக்கோஸ் ஏத்துனா எழுந்து ஒக்காந்துக்குவாரு. எங்க வூட்டுக்காரரு ரத்தமா கக்கினாரு, அவரே பொழச்சி வரல? உங்க வூட்டுக்காரரு கல்லு மாதிரி இருக்கறவரு."

பாதி வழியில் மறுபடியும் போன். இந்த முறை டாக்டர். மதிவதனி போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டு, சந்திரகலாவின் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"முருகவேல் உங்க ஹஸ்பண்டுங்களா? அவருக்கு ஹார்ட் அட்டாக்குமா. பெரிய அடைப்பு. ரத்தக்கட்டியக் கரைக்கிற ஊசி போடணும். லேட் பண்ணக்கூடாது. அதுக்கு முன்னாடி நான் கேக்கறதுக்குக் கரெக்டா பதில் சொல்லுங்க. அவர் பேசற நிலமையில இல்ல."

"கேளுங்க சார்."

"பக்கவாதம் எப்பவாச்சும் வந்திருக்கா?"

"இல்ல சார்."

"தலையில அடி? ஆபரேஷன்?"

"இல்ல சார். ஜுரம்னு கூட படுத்ததில்ல."

"வயித்துல அல்சர், ரத்தக்கசிவு? ரத்த வாந்தி? நல்லா யோசிச்சு சொல்லுங்க. இருந்தா இந்த ஊசி ஆளையே கொன்னுடும்."

சந்திரகலா யோசிக்கவே இல்லை. யோசிக்க என்ன இருக்கிறது? இருபது வருஷமாகச் சோறு போடுகிறவள். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார், தைரியமா போடுங்க" என்றாள். பக்கத்தில் இருந்து மதிவதனியும், "ஒரு சீக்கும் கெடையாது சார், எங்களுக்கு நல்லாத் தெரியும்" என்று சேர்த்துச் சொன்னாள்.

"சரி. ஊசி ரெடி பண்றோம். கையெழுத்து இல்லாம போட முடியாது. சீக்கிரம் வாங்க."

ஊர் எல்லையில் பந்தயம் ரோட்டைக் குறுக்கே கடக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே கொடி பிடித்து வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தவன் நான். கடைசியாக வருகிற கூட்டம் பெரிய கூட்டம். பாதி நடை, பாதி செல்ஃபி. பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு ஆட்டோவில் சந்திரகலாவும் மதிவதனியும் தெரிந்தார்கள். வெளியே தலையை நீட்டி ஏதோ கத்தினார்கள். வீட்டுக்காரரை உற்சாகப்படுத்த வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நான் கையைத் தூக்கி ஆட்டினேன். ஆறு நிமிஷம் அவர்கள் நின்றார்கள். அந்த ஆறு நிமிஷம் நல்லது செய்ததா கெட்டது செய்ததா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

ஆஸ்பத்திரியில் அவர்களை உள்ளே விடவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவில் பாதிக்கு மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. ஒரு நர்ஸ் அட்டையில் சொருகிய தாளோடு வந்தாள்.

"முருகவேல் அட்டெண்டர் யாரு?"

"நான்தான். பொண்டாட்டி."

"இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. ரத்தக்கசிவு ஏற்பட்டா நிர்வாகம் பொறுப்பில்லன்னு போட்டிருக்குது, படிச்சிக்குங்க."

"அவுர ஒரு தரம் பாத்துட்டு…"

"ஊசி போட்டுட்டு பாக்கலாம்மா. ஒவ்வொரு நிமிஷமும் இதயம் செத்துக்கினு இருக்குது. போடுங்க."

சந்திரகலா போட்டாள். சந்திரகலா க/பெ முருகவேல். நர்ஸ் தாளை வாங்கிக்கொண்டு, பெஞ்சின் மேலிருந்த ஒரு பிளாஸ்டிக் பையைக் காட்டி, "அவரோட பொருளு, சரி பாத்து எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

சந்திரகலா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பையை மதிவதனிதான் எடுத்தாள். கத்தரித்து எடுத்த சட்டை இருந்தது. மண் ஒட்டிய பிப் இருந்தது. அடியில் ஷூ.

ஷூவுக்குக் கயிறு இல்லை. காயில் கட்டி முடித்ததும் மேலே வரிந்து கட்டுகிற வெள்ளைப் பருத்தி நாடாவைக் கோத்து முடிச்சுப் போட்டிருந்தது. கடைக் கயிறு ஓடும்போது அவிழ்கிறது, இந்த நாடா செத்தாலும் அவிழாது என்று சொல்லிச் சொல்லி அதைக் கோக்கிற மனிதர் இந்த ஜில்லாவில் ஒருவர்தான்.

மதிவதனி ஒரு ஷூவைக் கையில் எடுத்தாள். கத்தவில்லை, உட்காரவில்லை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

"கலா" என்றாள். "இது எங்க வூட்டு ஷூ."

சந்திரகலா கண்ணைத் திறந்தாள். ஷூவைப் பார்த்தாள், நாடாவைப் பார்த்தாள். புரிந்தது. புரிந்த அந்தக் கணத்தில் அவளுக்குள் எழுந்தது பயமில்லை, சந்தோஷம். தலையிலிருந்து கால் வரைக்கும், சுடு தண்ணீர் ஊற்றினாற்போல. அவரில்லை. சாமி, அவரில்லை. வாயைத் திறந்து "அப்பாடா" என்று சொல்லியேவிட்டாள். சொன்னது மதிவதனி காதில் விழாமல் இருந்திருக்க முடியாது.

அடுத்த மூச்சில்தான் மற்றது உறைத்தது. வாஷ்பேசின் நிறைய ரத்தம். அதைத் தேய்த்துக் கழுவியது சந்திரகலாதான். வேலூருக்கு ஐந்து நாளும் கஞ்சி கொண்டுபோனவள் அவள். அல்சர் உண்டா என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை, தைரியமாகப் போடுங்கள் என்றவளும் அவளேதான்.

கண்ணாடிக் கதவை இரண்டு கையாலும் அறைந்தாள்.

"ஊசி போடாதீங்க! டாக்டர்! போடாதீங்க! அது முருகவேல் இல்ல! ரத்தம் கக்கினவரு அவுரு! மாசம் ஒண்ணு ஆவல!"

காவலாள் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தான். அவன் கையைக் கடித்துவிட்டாள். கதவை உதைத்தாள். செருப்பு எங்கேயோ போய் விழுந்தது. ஒட்டியிருந்த தாள் கிழிந்தது. கிழிசலுக்குள்ளே பச்சை உடுப்புப் போட்ட நாலு பேர் கட்டிலைச் சுற்றி நிற்பது தெரிந்தது. ஒருவர் கையில் ஊசி. அவர் திரும்பிப் பார்த்தார்.

கதவு திறந்தது. டாக்டருக்குச் சின்ன வயதுதான். முகம் வெளுத்திருந்தது.

"யாரும்மா நீங்க? இப்பதானே கையெழுத்துப் போட்டீங்க?"

"தப்பா போட்டுட்டன் சார். இவங்கதான் அவரு பொண்டாட்டி. குமரேசன் அவரு பேரு. நம்பர மாத்திக் குத்திக்கினு ஓடியிருக்காங்க பாவிங்க. போட்டுட்டீங்களா சார்? சொல்லுங்க சார், போட்டுட்டீங்களா?"

"இல்ல. போடல." அவர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் பத்து செகண்டு ஆயிருந்தா போட்டிருப்பேன்."

பிறகு அவர் மதிவதனியிடம் அதே கேள்விகளை முதலிலிருந்து கேட்டார். மதிவதனி ஷூவைக் கையில் வைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சரியாகப் பதில் சொன்னாள். ரத்த வாந்தி எடுத்த தேதி, வேலூரில் ஏற்றிய ரத்தம் எத்தனை பாட்டில், இப்போது சாப்பிடும் மாத்திரையின் பெயர் எல்லாம். டாக்டர் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார். "ஊசி வேணாம். பலூன் வச்சு அடைப்ப எடுக்கறோம். அதுலயும் ரிஸ்க் இருக்குது, ஆனா இதவிட கம்மி. பெரிய டாக்டர் வர இருபது நிமிஷம் ஆவும். அதுவரைக்கும் தாங்கணும்."

அந்த இருபது நிமிஷத்தில்தான் முருகவேல் வந்து சேர்ந்தார். தண்ணீர்ப் பந்தலில் யாரோ சொல்லி, வண்டியைத் திறந்து போனைப் பார்த்தால் முப்பத்தொரு அழைப்பு. கெண்டைச்சதைப் பிடிப்போடு நொண்டி நொண்டிப் படியேறி வந்தார். சந்திரகலா அவர் முகத்தை இரண்டு கையாலும் தொட்டுப் பார்த்தாள். நிஜமாகவே இருக்கிறாரா என்று பார்க்கிற மாதிரி. பார்த்துவிட்டு, கூட்டத்துக்கு நடுவில் பளார் என்று ஓர் அறை விட்டாள்.

மதிவதனி எழுந்து வந்தாள். அவள் அடிக்கவில்லை.

"தம்பி. அவரு வேண்டுதல் அவருக்கு. கேட்டாரு, நீங்க குடுத்தீங்க. ஆனா உங்க பேர எம் புருசன் நெஞ்சுல குத்தி அனுப்பினீங்களே, அங்க அவரு செத்திருந்தா எனக்கு யாரு வந்து சொல்லியிருப்பாங்க? ஊரே உங்க பொண்டாட்டியக் கட்டிப்புடிச்சி அழுதிருக்கும். நானும் சேந்து அழுதிருப்பன்."

முருகவேல் தரையைப் பார்த்தபடி நின்றார். அதற்குள் நானும் வந்துவிட்டேன். நானும் தரையைத்தான் பார்த்தேன். கழுத்தில் விசிலும் கையில் கொடியும் அப்படியே இருந்தன. அவற்றை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை.

பலூன் வைத்தார்கள். ஒன்றரை மணி நேரம் ஆனது. அடைப்பு நீங்கிவிட்டது, வயிற்றில் மறுபடி கசிகிறதா என்று இரண்டு நாள் பார்க்க வேண்டும் என்று பெரிய டாக்டர் சொன்னார். மத்தியானம் குமரேசன் கண் திறந்து மனைவியைப் பார்த்தார். மூக்கில் குழாயோடு, "இன்னும் அஞ்சு கிலோமீட்டர்தான் இருந்திச்சி" என்றாராம். நாய் வாலை நிமிர்த்தவா முடியும்? மதிவதனி அவர் நெற்றியில் விபூதி வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

நாலு மணிக்கு வெயில் தணிந்தது. ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த கடையிலிருந்து முருகவேல் வாங்கிக்கொடுத்த டீயை வைத்துக்கொண்டு இரண்டு பெண்களும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். காலையிலிருந்து இரண்டு பேரும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. டீ ஆறி மேலே ஆடை படிந்தது. சந்திரகலாவின் நகக்கண்ணில் இன்னும் மல்லாட்டைத் தோல் ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டிக்கொண்டே பேசினாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லிடறன். சொல்லலன்னா எனக்குச் சோறு எறங்காது. நீ அந்த ஷூவ எடுத்துக் காட்டினப்ப எனக்கு சந்தோஷமா இருந்திச்சிக்கா. அண்ணன் உள்ள சாவக் கெடக்குறாரு, நீ எதிர்ல நிக்கற, எனக்கு சந்தோஷம். அப்பாடான்னு சொன்னன். உங் காதுல விழுந்திருக்கும்."

"விழுந்திச்சி."

"ஒரு மூச்சுதான்க்கா. ஆனா வந்திச்சே. பாவி நானு."

மதிவதனி டீயில் படிந்த ஆடையை விரலால் ஒதுக்கினாள். ரோட்டில் மெடல் மாட்டிய நாலைந்து பேர் பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

"உனக்கு ஒரு மூச்சுதான்டி" என்றாள். "நான் வேணு ஆட்டோவுல ஏறினதுலேர்ந்து இந்த வாசப்படி வரைக்கும் அப்படித்தான் வந்தேன்."

"எப்படிக்கா?"

"உங் கையப் புடிச்சிக்கினு. ஒண்ணும் ஆவாது கலான்னு வாயி சொல்லிக்கினே இருக்குது. உள்ள மனசு, எம் புருசன் மோட்டாரு கட்டப் போயிட்டாரு, நான் பொழச்சேன், நான் பொழச்சேன்னு ஆடுது. இருவது கிலோமீட்டருடி."